பைபாஸ் பதிவேட்டில் இல்லாத கையெழுத்து

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலை. இரவு ஷிஃப்டில் ரியாக்டர் (ரசாயனங்கள் வினைபுரியும் கலன்) ஒன்று கட்டுமீறிச் சூடேறி, அதன் தலையில் இருந்த ரப்சர் டிஸ்க், அதாவது அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து வழிவிடும் தகடு, கிழிந்து, உள்ளே இருந்தது ஆவியாகக் கூரைக்கு மேல் பீறிட்டது. யாரும் சாகவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் இரண்டு கையும் கழுத்தும் வெந்து ஜிப்மரில் பல வாரம் கிடந்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் நெடி தாங்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு நாள் பேச்சாக இருந்தது, அப்புறம் அடங்கிவிட்டது. கம்பெனி நடத்திய விசாரணையில் நான் வெளியாளாக உட்கார்ந்தேன். ஆலையின் பெயர், வருடம், ஆட்களின் பெயர் எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. எனக்கு இன்னும் உறுத்துவது விபத்தைவிட, அதற்குப் பிறகு தண்டனை யார் யார் தலையில் இறங்கியது என்பதுதான்.

ரியாக்டரும் ஒரு துண்டு ஒயரும்

பூச்சிமருந்துக்கான இடைப்பொருள் ஒன்றை அங்கே தயாரித்தார்கள். 5,000 லிட்டர் ரியாக்டர், உள்ளே கண்ணாடிப் பூச்சு. ஒரு திரவத்தை நிரப்பி அஜிடேட்டரை (கலக்கியை) ஓடவிட்டு, இரண்டாவது திரவத்தை மேல் டேங்கிலிருந்து ஆறு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். இரண்டும் சேரும்போது சூடு கிளம்பும். சுற்றியுள்ள ஜாக்கெட்டில் ஓடும் பிரைன், அதாவது குளிர்ந்த உப்புநீர், அதை இழுத்துக்கொள்ளும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் உள்ளே 30 முதல் 35 டிகிரிக்குள் நிற்கும். 45-ஐத் தொட்டால் இரண்டாவது திரவத்தை விடும் டோசிங் வால்வு தானாக மூடிக்கொள்ள வேண்டும். அஜிடேட்டர் நின்றுபோனாலும் மூடிக்கொள்ள வேண்டும். இப்படித் தானாக இயங்கும் காவலை ஆலையில் இன்டர்லாக் என்பார்கள்.

இந்த இரண்டாவது காவல்தான் முக்கியம். கலக்கல் நின்றால் மேலிருந்து விழும் திரவம் வினைபுரியாமல் தனியாகத் தேங்கிக்கொண்டே இருக்கும். அப்போது வெப்பநிலை ஏறாது, திரையில் எல்லாம் சாதுவாகத் தெரியும். அந்த நிலையில் யாராவது அஜிடேட்டரை மறுபடி ஓடவிட்டால் தேங்கியது மொத்தமும் ஒரே மூச்சில் கலக்கும். மணிக்கணக்கில் வர வேண்டிய சூடு சில நிமிடத்தில் வந்து நிற்கும். பிரைனால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

வெப்பநிலையை அளந்தது பிடி-100 வகை ஆர்டிடி, மின்தடை மாறுவதை வைத்துச் சூட்டை அளக்கும் கருவி. பூஜ்ஜியம் டிகிரியில் அதன் மின்தடை 100 ஓம், அதற்கு மேல் டிகிரிக்கு 0.385 ஓம் வீதம் கூடும். அதாவது, இணைப்பில் எங்காவது மூன்று ஓம் தடை கூடுதலாகச் சேர்ந்தால் போதும், கருவி எட்டு டிகிரி ஏற்றிக் காட்டும். உப்பனாற்றைத் தாண்டினால் கடல். சிப்காட்டில் எந்த ஜங்ஷன் பாக்ஸின் மூடி சரியாக உட்காரவில்லையோ அதற்குள் உப்புக்காற்று குடியேறிவிடும். இந்தப் பெட்டியில் ரப்பர் கேஸ்கெட் நைந்துபோயிருந்தது. நான் திறந்து பார்த்தபோது டெர்மினல் ஸ்க்ரூக்களைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. ஒயரை விரலால் லேசாக அசைத்தாலே திரையில் எண் துள்ளியது.

ஆக, கருவி பொய்யாக ஏற்றிக் காட்டியது, டோசிங் நின்றது. ஒரு பேட்சில் இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஆள் மேலே போய்ப் பார்த்து, ரீசெட் பண்ணி, மறுபடி தொடங்க அரைமணி நேரம். பேட்ச் அடுத்த ஷிஃப்டுக்கு இழுத்தது. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. சரி செய்ய வேண்டியது என்னவோ சின்ன வேலைதான்: புது ஆர்டிடி, புது கேபிள், புதுப் பெட்டி. ரியாக்டரைக் காலி செய்து அரைநாள் நிறுத்த வேண்டும். அந்த அரைநாள் கிடைக்கவில்லை.

அதற்குப் பதில் ஜம்பர் போட்டார்கள். காவலைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு சாண் நீள ஒயர். வெப்பநிலை உள்ளீட்டுக்கு மட்டும் போட்டிருந்தால் ஒரு காவல் மட்டும் போயிருக்கும். டெக்னீஷியன் அதை எல்லா டிரிப்புக்கும், அதாவது தானாக நிறுத்தும் கட்டளைக்கும், பொதுவான ரிலேவின் மேல் போட்டுவிட்டார். பேனலில் கை எட்டுவதற்கு அந்த இடம்தான் சுலபம். அதனால் அஜிடேட்டர் நின்றால் டோசிங்கை மூடும் காவலும் சேர்ந்தே செத்துப்போனது. இது ஆலையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்: ஒருவர் அந்த டெக்னீஷியன், இன்னொருவர் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர்.

நாலாவது பத்தி

இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர் எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஜம்பர் போட்ட இரண்டாவது வாரம் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு ஈமெயில் போட்டார், பிளான்ட் ஹெட்டுக்கு நகல். விசாரணையில் அதன் அச்சுப்பிரதி எல்லோர் கையிலும் இருந்தது. நான் அதைப் பலமுறை படித்தேன்.

தலைப்பு, ஆர்டிடி மாற்றுவது தொடர்பாக. முதல் பத்தியில் கருவியின் மாடல் எண். இரண்டாவதில் இரண்டு சப்ளையரின் விலை. மூன்றாவதில் வந்துசேர ஆகும் நாட்கள். நாலாவது பத்தியின் நடுவில் ஒரே ஒரு வாக்கியம்: தற்போதைய ஜம்பர் பொது டிரிப்பில் இருப்பதால் அஜிடேட்டர் இன்டர்லாக்கும் வேலை செய்யாது, கவனிக்கவும். அப்புறம் தங்கள் மேலான ஒப்புதலை எதிர்பார்த்து, இப்படிக்கு.

ஆள் மரணம் வரை போகக்கூடிய செய்தி அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஆனால் மேலதிகாரிக்கு எழுதும்போது நமக்கு ஒரு பழக்கம் உண்டு. கெட்ட செய்தியைப் பணிவில் சுற்றி, நடுவில் எங்காவது வைத்துக் கொடுப்போம். நேராகச் சொன்னால் திமிர் என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். முப்பது வயதுகூட ஆகாத பையன், அந்தக் கம்பெனியில் மூன்றாவது வருடம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் குறைதான்.

மேனேஜரின் பதில் இரண்டு வரி. பார்த்தேன், இந்த மாத டிஸ்பாட்ச் முடிந்ததும் நிறுத்தித் தருகிறேன். அந்த மாதப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தின் குறிப்பில் அதே விஷயம் ‘இன்ஸ்ட்ருமென்ட் பராமரிப்பு நிலுவை’ என்று ஆகியிருந்தது. பிளான்ட் ஹெட் பார்க்கும் நிலுவைப் பட்டியலில் அது மஞ்சள் நிறக் கட்டம் ஒன்று, பெயின்ட் அடிக்க வேண்டிய படிக்கட்டுக்கும் கேன்டீன் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் நடுவில். யாரும் எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு மேஜையிலும் கொஞ்சம் சுருங்கி, கொஞ்சம் மிருதுவாகி, கடைசி மேஜைக்குப் போனபோது அதில் ஆபத்து என்ற வாடையே இல்லை.

அடுத்தது பைபாஸ் பதிவேடு, காவல் ஒன்றை வேலை செய்யாமல் வைத்தால் அதை எழுதிவைக்கும் நோட்டு. அந்த ஆலையின் விதி நல்ல விதிதான்: 24 மணி நேரத்துக்கு மேல் எந்த இன்டர்லாக்கையும் பைபாஸில் வைக்க வேண்டுமானால் பிளான்ட் ஹெட் கையெழுத்து வேண்டும், அதற்குள் என்றால் ஷிஃப்ட் இன்சார்ஜ் போதும். என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு ஷிஃப்டும் முடியும்போது பைபாஸை மூடியதாக எழுதி, அடுத்த ஷிஃப்ட் தொடங்கும்போது புதிதாகத் திறந்ததாக எழுதினார்கள். ஒயர் மட்டும் அதே இடத்தில். காகிதத்தில் எந்த பைபாஸும் எட்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை. நாளுக்கு மூன்று பதிவு, ஏழு வாரம். அத்தனையிலும் ஷிஃப்ட் இன்சார்ஜ்களின் கையெழுத்து. மேனேஜரின் எழுத்து ஓர் இடத்தில்கூட இல்லை. பிளான்ட் ஹெட்டுடையதும் இல்லை. ஏழு வாரம் அந்த ரியாக்டரைக் காவல் இல்லாமல் ஓட்டுவது என்று முடிவெடுத்த ஆள் பதிவேட்டின்படி எவருமே கிடையாது.

விதி மீறப்பட்டதா என்று கேட்டால் எழுத்துப்படி இல்லை. இதைவிடச் சுத்தமான ஓட்டையை நான் பார்த்ததில்லை.

ஒரு டிக்

ஐந்தாவது வாரம் நடந்ததைத்தான் நான் திருப்பமாக நினைக்கிறேன். மாதாந்தர இன்டர்லாக் சோதனைப் படிவம் வந்தது. ஒவ்வொரு காவலுக்கும் நேராக ஓகே, நாட் ஓகே என இரண்டே கட்டம். பைபாஸில் இருக்கிறது என்று எழுத இடம் இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட் அடுத்த வாரம். இன்ஜினியர் படிவத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். அவர் சொன்னபடி தருகிறேன்.

“சார், இதுக்கு நாட் ஓகேன்னு போடட்டுமா?”

“போட்டா ஆடிட்ல அதையே பிடிச்சுக்குவாங்கப்பா. ஓகே போட்டுடு. சனிக்கிழமை நிறுத்தித் தர்றேன், மாத்திடு.”

“சார், அஜிடேட்டர் டிரிப்பும்...”

“அதான் சனிக்கிழமைன்னு சொல்றேன்ல.”

டிக் விழுந்தது. சனிக்கிழமை வந்தது, ரியாக்டர் நிற்கவில்லை.

அந்த டிக் வரை அவர் எச்சரித்தவர். டிக் போட்ட பிறகு, காகிதத்தில், காவல் வேலை செய்கிறது என்று சான்று கொடுத்தவர். விசாரணையில் மேனேஜர் தரப்பு முதலில் எடுத்து நீட்டியது அந்தப் படிவத்தைத்தான்: அவரே ஓகே என்று கையெழுத்துப் போட்டிருக்கும்போது எனக்கு எப்படித் தெரியும்?

விபத்து இரவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு மணி வாக்கில் கரண்ட் ஒருமுறை மினுக்கிவிட்டு வந்தது. பிரைன் பம்ப்பும் அஜிடேட்டரும் நின்றன. பம்ப்புக்கு அலாரம் இருந்ததால் ஆப்பரேட்டர் உடனே ஓடிப்போய் அதைப் போட்டார். அஜிடேட்டரைக் கவனிக்க அரைமணி ஆனது. ஒரே ஆள் இரண்டு ரியாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அரைமணியும் டோசிங் ஓடியது. ஷிஃப்ட் இன்சார்ஜ் ஜெனரேட்டர் பக்கம் இருந்தார். போனில் கேட்டதற்கு, “ஓட விடுண்ணே, நான் வர்றேன்” என்றார். நின்றுபோன அஜிடேட்டரை டோசிங் நடந்த பிறகு ஓடவிடக் கூடாது என்பது செயல்முறைக் கையேட்டில் பின்பக்கம் எங்கோ ஒரு வரியாக இருந்தது.

எண் ஏறத் தொடங்கியது. 38, 41, 44. ஆப்பரேட்டர் பதறவில்லை. ஏன் என்று கேட்டேன். “அது எப்பவும் ஏத்தித்தான் சார் காட்டும்” என்றார். ஏழு வாரமாகப் பொய் சொன்ன கருவி அன்றைக்கு உண்மை சொன்னது. 60-ஐத் தாண்டியபோது அவர் கத்திக்கொண்டே ஓடினார். மேல் தளத்தில் இருந்த உதவியாளருக்கு இறங்க நேரம் இல்லை.

விசாரணை முடிவு: ஆப்பரேட்டர் பணியிடை நீக்கம். அன்றைய ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு ஒரு இன்கிரிமென்ட் வெட்டு. இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியருக்கு, எச்சரிக்கையை முறையாகப் பின்தொடரவில்லை என்று மெமோ. புரொடக்‌ஷன் மேனேஜருக்கு வாய்மொழி அறிவுரை. சில மாதம் கழித்து அவர் வேறு மாநிலத்தில் இதைவிடப் பெரிய ஆலைக்குப் பதவி உயர்வில் போனார். மேலிருந்து கீழே போகப் போகத் தண்டனை கனத்துக்கொண்டே போயிருந்தது.

தொப்பியைக் கழற்றச் சொன்ன இரவு

இந்த மாதிரி விவகாரம் எதைப் பேசினாலும் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தின் பெயர் வரும். வரத்தான் வேண்டும். அந்த இரவு நடந்த பேச்சு, கலந்துகொண்டவர்களின் வாக்குமூலமாகவே விசாரணைக் குழுவின் முன் பதிவாகியிருக்கிறது. நம் ஆலைகளின் மூடிய அறைகளில் நடப்பதற்கு அந்த அளவு சாட்சியம் கிடைப்பதில்லை.

1986 ஜனவரி 27. மறுநாள் காலை ஃப்ளோரிடாவில் கடுங்குளிர் என்று முன்னறிவிப்பு. விண்கலத்தின் திட எரிபொருள் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ராஜர் பாய்ஜாலி, ஆர்னி தாம்ப்சன் போன்றவர்கள், நாசாவுடன் தொலைபேசியில் நடந்த கூட்டத்தில் ஏவ வேண்டாம் என்றார்கள். ராக்கெட்டின் பாகங்கள் சேரும் இடத்தை அடைக்கும் ரப்பர் ஓ-ரிங் குளிரில் விறைத்துப்போய் நேரத்துக்கு விரிந்து கொடுக்காது, சூடான வாயு கசியும் என்பது வாதம். அதற்கு முன் ஏவியதிலேயே மிகக் குளிரான முறை ஓ-ரிங்கின் வெப்பம் 53 ஃபாரன்ஹீட், சுமார் 12 செல்சியஸ். அதற்குக் கீழே ஏவாதீர்கள் என்பது அவர்கள் பரிந்துரை. பாய்ஜாலி இது பற்றி 1985 ஜூலையிலேயே நிறுவனத்துக்குள் குறிப்பு அனுப்பியிருந்தார்.

நாசா தரப்பு அதிருப்தி காட்டியது. அடுத்த ஏப்ரலில்தான் ஏவச் சொல்கிறீர்களா என்று லாரி மல்லாய் கேட்டார். தயோகால்காரர்கள் தங்களுக்குள் பேச ஐந்து நிமிடம் கேட்டு இணைப்பிலிருந்து விலகினார்கள். பேச்சு ஐந்து நிமிடத்தையும் தாண்டிப் போனது. அப்போதுதான் மூத்த நிர்வாகி ஜெரால்ட் மேசன், பொறியியல் பிரிவின் துணைத் தலைவர் பாப் லண்டிடம் அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தைச் சொன்னார்: பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு நிர்வாகிகள் முடிவெடுத்தார்கள், பொறியாளர்களிடம் வாக்குக் கேட்கவில்லை. ஏவலாம் என்று ஜோ கில்மின்ஸ்டர் கையெழுத்திட்டு அனுப்பினார். கென்னடி மையத்தில் இருந்த அந்த நிறுவனத்தின் மூத்த பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மறுநாள் காலை, கிளம்பி 73 வினாடியில் விண்கலம் சிதறி, உள்ளே இருந்த ஏழு பேரும் போனார்கள்.

மேசனின் தொப்பி வாக்கியத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது பாய்ஜாலி பின்னர் சொன்ன ஒன்று. வழக்கமாக, ஏவுவது பாதுகாப்பானது என்று நிரூபி என்பார்கள். அன்றைக்குக் கேள்வி தலைகீழானது: பாதுகாப்பற்றது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபி. என்னைக் கேட்டால் பொறுப்பு கைமாறும் கணம் அதுதான். சுமையை யார் பொறியாளர் பக்கம் திருப்பினாரோ, விளைவுக்கு அவர்தான் சொந்தக்காரர். சிப்காட் மேனேஜரின் ‘டிஸ்பாட்ச் முடியட்டும்’ என்ற பதிலில் இருந்ததும் இதே திருப்பல்தான். காவல் இல்லாமல் ஓட்டுவது ஏன் பரவாயில்லை என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நிறுத்துவது ஏன் அவசரம் என்று இன்ஜினியர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

தயோகால் பொறியாளர்களிடமும் நம் இன்ஜினியருடைய அதே குறை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றிரவு அவர்கள் ஃபேக்ஸில் அனுப்பிய தாள்களில், முந்தைய எல்லா ஏவல்களின் வெப்பநிலையையும் ஓ-ரிங் சேதத்தையும் ஒன்றாக வைத்துக் காட்டும் ஒரு படம் இல்லை. பின்னால் விசாரணைக் குழு அதைப் போட்டுப் பார்த்தது. 66 ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 ஏவல்களில் மூன்றில்தான் சேதம், 65-க்குக் கீழே இருந்த நான்கிலும் சேதம். அந்த ஒரு படம் மேஜையில் இருந்திருந்தால் மேசன் மனம் மாறியிருப்பாரா என்று தெரியாது. கையெழுத்துப் போடுவது கொஞ்சம் கடினமாகியிருக்கும்.

யாருக்கு எவ்வளவு

என் கணக்கைச் சொல்கிறேன். ஓட்டுவதா நிறுத்துவதா என்பது புரொடக்‌ஷன் மேனேஜரின் முடிவு. ஆகவே முதல் பொறுப்பு அவருக்கு. பொது டிரிப் செத்திருந்தது எனக்குத் தெரியாது என்று அவர் விசாரணையில் சொன்னார். நான் அதை நம்புகிறேன், நாலாவது பத்தி வரை அவர் படித்திருக்கமாட்டார். ஆனால் ஜம்பர் போட்டிருக்கிறது என்பது தெரியும். அது எதையெல்லாம் நிறுத்தியிருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஐந்தாவது வாரம் அந்தப் பையன் வாயைத் திறந்தபோது முழுசாகச் சொல்ல விட்டிருக்கலாம். கேட்காமல் விட்டதால் வந்த தெரியாமையை நான் தெரியாமையாகக் கணக்கில் எடுப்பதில்லை.

அவர் பக்கமும் பேச வேண்டும். அந்த இன்ஜினியர் அதே இரண்டு மாதத்தில் அவசரம் என்று குறிப்பிட்டு அனுப்பிய கோரிக்கைகள் ஒரு கட்டு இருந்தன. பாதி உண்மையில் அவசரம் இல்லை. எல்லாவற்றையும் அவசரம் என்று எழுதினால்தான் ஸ்டோரில் பொருள் வாங்குவார்கள் என்பது ஆலைகளில் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். தினம் பத்து அவசரம் பார்க்கிறவருக்குப் பதினோராவது எப்படி வேறாகத் தெரியும்? இதை மேனேஜர் சொன்னபோது அறையில் யாரிடமும் பதில் இல்லை.

இரண்டாவது பொறுப்பு பிளான்ட் ஹெட்டுக்கு. 24 மணி நேர விதியை எட்டு எட்டு மணியாக வெட்டி ஏமாற்றுகிறார்கள் என்பது பதிவேட்டின் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் தெரியும். மாதம் ஒருமுறை அவர் அதில் பார்த்ததாகக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த ஏழு வாரத்தில் ஒருமுறைகூட வைக்கவில்லை.

இன்ஜினியருக்கு உள்ள பொறுப்பு வேறு வகை. நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆகவே ஓட்டியதற்கு அவர் பொறுப்பாக மாட்டார், பின்தொடரவில்லை என்ற மெமோ அபத்தம். ஆனால் அவர் கையில் இரண்டு விஷயம் இருந்தன: எச்சரிக்கையைப் புரியும்படி எழுதுவது, பொய்ச் சான்று தராமல் இருப்பது. முதலாவதில் தடுமாறினார், இரண்டாவதில் விழுந்தார். நாட் ஓகே என்று எழுதியிருந்தால் வேலை போயிருக்குமா? போயிருக்கலாம். ஊரில் அப்பாவின் கடன், கல்யாணத்துக்கு நிற்கும் தங்கை, இதெல்லாம் எனக்கும் தெரியும். மெக்டொனால்டுக்கும் பதவி இறக்கம் நடந்தது, அமெரிக்க நாடாளுமன்றத்தில் சத்தம் கிளம்பிய பிறகுதான் சரிசெய்தார்கள். பாய்ஜாலி நிறுவனத்துக்குள் ஒதுக்கப்பட்டு வெளியேறினார்.

ஷிஃப்ட் இன்சார்ஜ் போனில் சொன்னது தவறு. ஆனால் அந்தத் தவறைத் தாங்கிக்கொள்ளத்தான் அந்தக் காவலை வைத்திருந்தார்கள். ஆப்பரேட்டருக்கு நான் எந்தப் பொறுப்பும் எழுதவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையில் விஷவாயு கசிந்த பிறகுதான் நம் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஆபத்தான செயல்முறைகளுக்கென்று தனி அத்தியாயம் வந்தது. அங்கேயும் எச்சரிக்கைக்குப் பஞ்சம் இல்லை. தாய்நிறுவனத்தின் நிபுணர்களே 1982-ல் வந்து குறைகளைப் பட்டியலிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் விபத்துக்கு முன்பே திரும்பத் திரும்ப எழுதினார். விஷவாயு வெளியேறிய இரவில் குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது, வெளியேறும் வாயுவை எரித்துவிடும் கோபுரம் இணைப்பில் இல்லை.

1987-ல் வந்த திருத்தம் இரண்டு காரியம் செய்தது. ஒன்று, கம்பெனி என்றால் அதன் இயக்குநர்களில் ஒருவர்தான் ‘ஆக்குபையர்’, அதாவது சட்டத்தின் பார்வையில் ஆலைக்குப் பொறுப்பாளி. யாரோ ஒரு மேனேஜரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இயக்குநர்கள் ஒதுங்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 1996-ல் உறுதி செய்தது. ஆபத்தான செயல்முறை தொடர்பான பிரிவுகளை மீறினால் 96ஏ பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை என்று இருந்தது.

இன்னொன்று 41எச் பிரிவு. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளர்கள், அதை நேரடியாகவோ பாதுகாப்புக் குழு மூலமாகவோ நிர்வாகத்துக்குச் சொல்லலாம், அதே நேரத்தில் அரசின் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் சொல்லலாம் என்றது அது. நிர்வாகம் ஒப்புக்கொண்டால் உடனே சரிசெய்து ஆய்வாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. ஒப்புக்கொள்ளாவிட்டால் விஷயத்தை ஆய்வாளரிடம் அனுப்ப வேண்டியிருந்தது, அவர் முடிவே இறுதியாக இருந்தது. மேனேஜர் தனக்குத் தானே ‘பரவாயில்லை’ என்று தீர்ப்புச் சொல்லிக்கொள்ள இதில் இடமே இருக்கவில்லை, கவனித்தீர்களா? இப்படி எச்சரிக்கும் உரிமை, 2025 நவம்பரில் அமலுக்கு வந்து அந்தச் சட்டத்தின் இடத்தைப் பிடித்த 2020-ம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

விசாரணை அறையில் 41எச் பற்றிக் கேட்டேன். பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிந்திருந்தது. இன்ஜினியருக்குத் தெரியாது. மஞ்சக்குப்பத்துப் பஸ்ஸில் வந்திறங்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

முதல் எச்சரிக்கை விபத்தாகவே வந்த பிறகும் சுதாரிக்காத கதைக்கு வெகுதூரம் போக வேண்டாம், இதே மாவட்டத்து நெய்வேலி போதும். இரண்டாவது அனல்மின் நிலையத்தில் 2020 மே 7-ல் ஆறாவது யூனிட் பாய்லர் வெடித்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 1-ல் அதே நிலையத்தின் ஐந்தாவது யூனிட் வெடித்தது. அன்றைக்கே ஆறு பேர் இறந்தார்கள், மருத்துவமனையில் பிறகும் இறந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்து இடைக்காலத் தொகையாக 5 கோடி ரூபாய் கட்டச் சொன்னது.

நான் எழுதிக் கொடுத்தவை

சிப்காட் ஆலைக்கு நான் கொடுத்த பரிந்துரைகள் பெரும்பாலும் படிவம் சம்பந்தப்பட்டவை. சோதனைப் படிவத்தில் ‘பைபாஸ்’ என்று மூன்றாவது கட்டம். பைபாஸ் நேரத்தை ஒயர் முதன்முதலில் விழுந்த நிமிடத்திலிருந்து எண்ணுவது, ஷிஃப்ட் மாறினால் கணக்குத் திரும்பத் தொடங்காது. எச்சரிக்கை ஈமெயிலின் முதல் வரியில் எது செத்திருக்கிறது, என்ன ஆகும், எப்போதுக்குள் என்ற மூன்று மட்டும், விலையும் மாடல் எண்ணும் இணைப்பில். அப்புறம் பதிவேட்டில் ஒரு புதுப் பத்தி: ‘தொடர்ந்து ஓட்ட முடிவு செய்தவர், காரணம்’. அதை மேனேஜர் அல்லது அவருக்கு மேலே உள்ளவர் மட்டுமே நிரப்ப முடியும்.

கடைசியாகச் சொன்னதற்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. ஏற்கெனவே பொறுப்பாக இருக்கிறவர்களிடம் தனியாக எதற்குக் கையெழுத்து என்றார்கள். கையெழுத்துத் தேவையில்லாத அளவுக்குப் பொறுப்பாக இருந்தால் போடுவதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். ஏற்றுக்கொண்டார்கள். புதுப் படிவம் வந்த கையோடு வேறொரு ரியாக்டரில் லெவல் சுவிட்ச் கெட்டது. புதிதாக வந்திருந்த மேனேஜர் பேனாவைத் திறந்துகொண்டு, “நிறுத்தினா எவ்வளவு நேரம்பா ஆகும்?” என்று கேட்டாராம். நாலு மணி நேரம் என்றதும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இரண்டு பரிந்துரைகளை மட்டும் ஒதுக்கிவிட்டார்கள். ஏழு நாளில் பதில் கிடைக்காத பாதுகாப்பு எச்சரிக்கையின் நகல் கடலூரில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு இணை இயக்குநர் அலுவலகத்துக்குத் தானாகப் போக வேண்டும் என்பது ஒன்று. வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோவதா என்றார் ஒருவர். குழுக் கூட்டம் வரை போகும், அதற்கு மேல் போகாது என்று முடித்துக்கொண்டார்கள். இன்னொன்று, தண்டனைகளை மறுபரிசீலனை செய்வது. ஆப்பரேட்டரை மூன்று மாதம் கழித்து வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு வெட்டிய இன்கிரிமென்ட் திரும்ப வரவில்லை. இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர் மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்தார், இந்த முறை ஒரே பத்தி. அதன் முதல் வரியில் டிக் போட்டது நான்தான் என்றும், இரண்டாவது வரியில் போடச் சொன்னவர் யார் என்றும் இருந்தது. அந்தப் பதில் விசாரணைக் கோப்பில் சேர்க்கப்படவில்லை.